பொலோனியம் 1898-இல், ஃபிரான்சியம் 1939-இல்: சில கதிரியக்கத் தனிமங்கள் ஏன் இவ்வளவு தாமதமாகச் சிக்கின?

#1 தாழை

அணு எண் 43 (டெக்னீசியம்), 61 (புரோமெத்தியம்), 85 (அஸ்டட்டைன்), 87 (ஃபிரான்சியம்), 91 (புரோட்டாக்டினியம்). இந்த அஞ்சு தனிமத்துக்கும் பாடப்புத்தகத்துல ஒரே வரிதான் போட்டிருக்கு: "இயற்கையில் மிகக் குறைந்த அளவில் இருப்பதால் தாமதமாகக் கண்டறியப்பட்டது." அப்போ பொலோனியம் மட்டும் என்ன, அள்ள அள்ளக் கிடைக்கிற சரக்கா? அதை 1898-லயே பிடிச்சுட்டாங்களே. அளவு மட்டும்தான் காரணமா, வேற ஏதாவது இருக்கா? யாராவது கணக்கோட சொல்லுங்க.

#2 கதிர்மானி

கணக்கு போட்டால் அந்த வரி நிற்காது.

கோடிக்கணக்கான ஆண்டுகள் கலையாமல் கிடந்த யுரேனியக் கனிமத்தில் சிதைவுத் தொடர் சமநிலைக்கு வந்திருக்கும். அதாவது பிரதான தொடரில் உள்ள ஒவ்வொரு உறுப்பும் வினாடிக்கு ஒரே எண்ணிக்கையில் சிதையும். எனவே எது எவ்வளவு இருக்கும் என்பதை அதன் அரை ஆயுளே (பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம்) முடிவு செய்கிறது. மகளின் (சிதைவில் உண்டாகும் தனிமம்) அரை ஆயுளைத் தாயின் (தொடரின் தலையிலுள்ள யுரேனியம்) அரை ஆயுளால் வகுத்து, அணு நிறை விகிதத்தால் பெருக்கினால் போதும். யுரேனியம்-235 தொடராக இருந்தால் கூடவே இயற்கை யுரேனியத்தில் அதன் பங்கான 0.72 சதவீதத்தால் பெருக்க வேண்டும். கிளையில் வரும் ஃபிரான்சியத்துக்கு அந்தக் கிளையின் பங்கான 1.38 சதவீதத்தாலும்.

1 டன் யுரேனியத்துக்கு (கனிமத்தின் எடை அல்ல, அதிலுள்ள யுரேனியத்தின் எடை):

ரேடியம்-226, அரை ஆயுள் 1600 ஆண்டு: 0.34 கிராம். கண்டது 1898.
புரோட்டாக்டினியம்-231, 32,760 ஆண்டு: 0.33 கிராம். கண்டது 1917-18.
ஆக்டினியம்-227, 21.8 ஆண்டு: 0.2 மில்லிகிராம். கண்டது 1899.
பொலோனியம்-210, 138 நாள்: 0.07 மில்லிகிராம். கண்டது 1898.
ஃபிரான்சியம்-223, 22 நிமிடம்: 5 முதல் 6 பிக்கோகிராம் (கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). கண்டது 1939.

ரேடியமும் புரோட்டாக்டினியமும் ஏறத்தாழ ஒரே அளவு, ஆனால் நடுவில் 19 ஆண்டு இடைவெளி. பொலோனியமோ புரோட்டாக்டினியத்தில் நாலாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுதான் முதலில் வந்தது! அளவை மட்டும் காரணம் சொன்னால் இந்த வரிசையே தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

என் பார்வையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வேதிப் பிரிப்பு முடிந்து கருவியில் வைக்கும் நேரத்தில் அந்தத் தனிமம் இன்னும் உயிரோடு இருக்கிறதா? இருந்தால், பக்கத்தில் இரைபவற்றை மீறி அதன் குரல் கேட்கிறதா? பொலோனியத்துக்கு இரண்டும் வாய்த்தன. பிஸ்மத்தோடு சேர்ந்து சல்ஃபைடாக வீழ்கிறது, பலத்த ஆல்ஃபா விடுகிறது, 138 நாள் என்பதால் மாதக்கணக்கில் வேலை பார்க்கலாம்.

#3 நிறைமாலை

இரண்டு விஷயம்.

ஆக்டினியத்துக்கு 1899 என்று போடும்போது ஒரு நட்சத்திரக் குறி வேண்டும். டெபியெர்ன் அந்த ஆண்டில் சொன்னதும் கீசல் 1902-இல் லாந்தனத்தோடு பிரித்ததும் ஒன்றேதானா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1902 என்றே வைத்தாலும் உங்கள் வாதத்துக்குச் சேதமில்லை.

அடுத்தது, எடையை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். சமநிலையில் 1 கிராம் யுரேனியத்துக்கு 238 தொடரின் ஒவ்வொரு உறுப்பும் வினாடிக்கு சுமார் 12,400 முறை சிதைகிறது. 235 தொடரின் உறுப்புகள் சுமார் 575 முறைதான். ரேடியமும் பொலோனியமும் முதல் தொடர். புரோட்டாக்டினியம் இரண்டாவது. எடை சமம் என்றாலும் அதன் குரல் ரேடியத்தை விட 21 மடங்கு மெலிவு.

#4 கதிர்மானி

சரியான திருத்தம், ஏற்கிறேன். ஆனால் ஆக்டினியமும் அதே மெலிந்த தொடர்தானே? 21 மடங்கு என்பது ஒரு பகுதி விளக்கம். மீதி வேதியியல்.

#5 சிலிக்கா

அந்த மீதியைச் சொல்கிறேன். புரோட்டாக்டினியம் பிடிபடாததற்கு முதல் காரணம் அது கரைசலில் ஒழுங்காக நிற்காது என்பதுதான். ஐந்து இணைதிறன் நிலையில் நீரோடு வினைபுரிந்து கூழ்மமாகி, கண்ணாடிச் சுவர், வடிதாள், சிலிக்கா என்று எது அகப்பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். பிட்ச்பிளெண்ட் என்ற யுரேனியக் கனிமத்தைச் சூடான நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் யுரேனியம், ரேடியம் எல்லாம் கரைசலுக்குப் போகும். அடியில் தங்கும் சிலிக்கா கசடை யாரும் சீண்டுவதில்லை. தேடிய பொருள் அந்தக் கசடில்தான் கிடந்தது.

லீசா மைட்னர் 1917-இல் பெர்லினில் கைவைத்தது அங்கேதான் (ஓட்டோ ஹான் அப்போது பெரும்பாலும் போர்ப்பணியில் இருந்தார்). தேடியது ஆக்டினியத்தின் தாயை. அது டான்டலத்தைப் போல நடக்கும் என்று ஊகித்து, கசடைக் கரைத்து, டான்டலத்தைக் கேரியராக (துளியளவுப் பொருளைத் தன்னோடு சுமந்து வருவதாக) சேர்த்துப் பிரித்தார்கள். பிறகு காத்திருக்க வேண்டும். தாய்தான் என்று நிரூபிக்க, பிரித்த சரக்கில் மாதக்கணக்கில் ஆக்டினியம் வளர்வதைக் காட்டியாக வேண்டும். 4 வினாடி அரை ஆயுள் கொண்ட ஆக்டினிய வாயு நாளாக ஆகக் கூடிக்கொண்டே வந்ததுதான் சாட்சி. சாடியும் கிரான்ஸ்டனும் பிரிட்டனில் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள்.

91-ஆம் கட்டத்துக்கு 1913-லேயே ஃபையான்ஸும் கோரிங்கும் "பிரெவியம்" என்று ஒன்றைக் காட்டியிருந்தார்கள். அரை ஆயுள் 1.2 நிமிடம் என்பதால் அதைத் திரட்டவே முடியாது.

இன்றும் இதன் குணம் மாறவில்லை. கடலடி வண்டலில் புரோட்டாக்டினியம்-231 அளப்பவர்கள் கவனிக்க வேண்டியவை: கண்ணாடிப் பாத்திரம் கூடாது, பாலிப்ரொப்பிலீன் அல்லது டெஃப்லான்தான். கரைசலில் எப்போதும் கொஞ்சம் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்க வேண்டும், ஃபுளோரைடுதான் அதைக் கரைசலில் பிடித்து வைக்கிறது. அதை முழுக்க ஆவியாக்கி உலர விட்டால் பாத்திரச் சுவரோடு போயிற்று. விளைச்சலைச் சரிபார்க்க நெப்டூனியம்-237-இலிருந்து எடுத்த புரோட்டாக்டினியம்-233-ஐ (27 நாள்) தொடக்கத்திலேயே, மாதிரி கரையும்போதே சேர்க்க வேண்டும். பாதி வழியில் சேர்த்தால், அதற்கு முன் சுவரில் ஒட்டிய இழப்பு கணக்கில் வராது. முடிவு குறைவாக வரும், குறைவு என்பதே தெரியாது.

#6 தாழை

அப்போ புரோட்டாக்டினியம் ஒளிஞ்சிருந்த கேஸ். ஃபிரான்சியம் 22 நிமிஷம்தான்னா அதுல என்ன வேதியியல் பண்ண முடியும்?

#7 கதிர்மானி

22 நிமிடம் ஒரு தடைதான், ஆனால் பெரிய தடை அதுவல்ல. ஆக்டினியம் கையில் இருந்தால் ஃபிரான்சியம் ஊறிக்கொண்டே இருக்கும், எடுக்க எடுக்க வரும். அப்படியிருந்தும் ஆக்டினியத்தை நாற்பது ஆண்டு கையில் வைத்திருந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

ஆக்டினியம்-227-இல் 98.6 சதவீதம் பீட்டா விட்டுத் தோரியம்-227 ஆகிறது. 1.38 சதவீதம் மட்டும் ஆல்ஃபா விட்டு ஃபிரான்சியம்-223 ஆகிறது. அந்த முக்கியப் பீட்டாவின் ஆற்றல் மிகச் சொற்பம், உச்சமே 0.045 மெகா எலக்ட்ரான் வோல்ட். கருவியின் மெல்லிய சாளரமே அதை விழுங்கிவிடும். எனவே சுத்தமான ஆக்டினியம் ஊமை மாதிரி. பழைய ஆட்கள் என்ன செய்தார்கள்? ஆக்டினியத்தைப் பிரித்து, மகள்கள் வளரும்வரை காத்திருந்து, அந்த இரைச்சலை வைத்து ஆக்டினியத்தின் அளவைக் கணக்கிட்டார்கள். அப்படிக் காத்திருந்ததுதான் வினை. முதல் இரண்டு மணி நேரத்தை யாரும் பார்க்கவே இல்லை.

மார்கரித் பெரே 1939 ஜனவரியில் பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் பார்த்தது அந்த இரண்டு மணி நேரத்தை. வேலை போகும் வரிசை இப்படி: ஆக்டினியம் லாந்தனத்தோடு கலந்து கிடக்கும். ரேடியம்-223-ஐப் பேரியத்தோடும், தோரியம்-227-ஐச் சீரியத்தோடும், ஈயத்தையும் பிஸ்மத்தையும் சல்ஃபைடாகவும் விலக்க வேண்டும். கடைசியாக லாந்தனத்தை வீழ்படிவாக்கிக் கழுவும் நொடிதான் பூஜ்ய நேரம். உடனே கருவிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கருவியில் பீட்டா ஏறுகிறது. 22 நிமிடத்தில் உச்சத்தின் பாதி, 44 நிமிடத்தில் முக்கால், இரண்டு மணி நேரத்தில் சமதளம். அதற்குப் பிறகு தோரியம் வழி மகள்கள் மெல்லத் தலைகாட்டும்.

இங்கே சறுக்கல் எங்கே என்று பாருங்கள். ஃபிரான்சியத்தின் பங்கே 1.38 சதவீதம். பழைய மகள்களை 99 சதவீதம் நீக்கிவிட்டேன் என்று ஒருவர் நிம்மதியாக இருந்தால், மிச்சமிருக்கும் 1 சதவீதமே ஃபிரான்சியத்துக்குச் சமமாகக் கத்தும். அதிலும் ஈயம்-211-இன் அரை ஆயுள் 36 நிமிடம், குழப்பத்துக்கென்றே அமைந்தது போல. வேறுபாடு ஒன்றே: தனியாக ஒட்டிக்கொண்டு வந்த ஈயம் நேரம் போகப் போக இறங்கும், ஃபிரான்சியம் ஏறும். வளைகோடு எந்தப் பக்கம் போகிறது என்பதை முதல் சில நிமிடங்களிலிருந்தே குறித்தால்தான் தெரியும்.

அடுத்து வேதியியல் சாட்சி. லாந்தனத்தை வடித்தபின் வடிநீரில் சீசியம் உப்பைப் போட்டு, பெர்குளோரேட்டாக வீழ்த்தினால் 22 நிமிடக் கதிரியக்கம் அந்தச் சீசியம் பெர்குளோரேட் படிகத்தோடு போகிறது. கார உலோகம்தான், 87-தான். முதலில் ஆக்டினியம்-கே என்று அழைத்தார், போருக்குப் பிறகு நாட்டின் பெயரைச் சூட்டினார்.

#8 நிறைமாலை

வியன்னாவை விட்டுவிட்டீர்களே. 1914-இல் ஸ்டெஃபான் மையர், ஹெஸ், பானெத் மூவரும் ஆக்டினியத்திலிருந்து காற்றில் சுமார் 3.5 சென்டிமீட்டர் ஓடும் ஆல்ஃபாவைப் பார்த்தார்கள். ஆல்ஃபா போனால் 89, 87 ஆகும் என்பது கூட்டல் கழித்தல்தான். வேறு ஏதாவது கலந்திருக்கலாம் என்ற சந்தேகத்தை நீக்க முடியவில்லை, அதற்குள் போரும் வந்துவிட்டது. கதவைத் தட்டியவர்கள் என்று அவர்களையும் சொல்ல வேண்டும்.

#9 கதிர்மானி

சொல்ல வேண்டும்தான். தாயைப் பார்ப்பதும் மகளைப் பிரிப்பதும் வேறு வேறு வேலை என்பதற்கும் அதுவே உதாரணம்.

#10 குமிழ்

43-ஐயும் 61-ஐயும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவை ஒளிந்திருக்கவில்லை, நடைமுறையில் இல்லவே இல்லை. டெக்னீசியத்தின் மிக நீண்ட அரை ஆயுள் சுமார் 42 லட்சம் ஆண்டு. பூமிக்கு வயது 454 கோடி. 1080 அரை ஆயுள் கழிந்துவிட்டது. தொடக்கச் சரக்கை 1-க்குப் பின் 325 சுழி போட்ட எண்ணால் வகுக்க வேண்டும். மொத்தப் பூமியிலும் அணுக்கள் 1-க்குப் பின் 50 சுழி அளவுதான். முழுப் பூமியும் டெக்னீசியமாகவே பிறந்திருந்தாலும் ஓரணு மிஞ்சாது. புரோமெத்தியம் இன்னும் மோசம், அதன் நீண்ட அரை ஆயுளே 17.7 ஆண்டு.

ஏன் இவை இரண்டும் மட்டும் இப்படி? ஒரே நிறை எண் கொண்ட அடுத்தடுத்த இரு தனிமங்கள் இரண்டுமே நிலையாக இருக்க முடியாது (மட்டாவ் விதி, 1934). ஒற்றைப்படை எண் தனிமத்துக்கு நிலைத்த ஐசோடோப் வேண்டுமென்றால் நிறை எண்ணும் பெரும்பாலும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். 43-க்குப் பொருத்தமான இடங்கள் 97, 99, 101. 97-இல் மாலிப்டினம் உட்கார்ந்திருக்கிறது, 99-இலும் 101-இலும் ருத்தேனியம். 61-க்கு 145, 147, 149. முதலாவது நியோடிமியம், மற்ற இரண்டும் சமாரியம். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்த கதை.

இது தெரியாமல் பல பேர் ஆயிரம் முறை பின்னப் படிகமாக்கல் (திரும்பத் திரும்பப் படிகமாக்கிப் பிரிப்பது) செய்தார்கள். நியோடிமியத்துக்கும் சமாரியத்துக்கும் நடுவே ஒன்று இருக்க வேண்டும் என்று பிரவுனர் 1902-லேயே சொன்னது சரி. ஆனால் இல்லாத பொருளை எத்தனை முறை படிகமாக்கினாலும் செறிவு ஏறாது.

#11 நிறைமாலை

ஆனாலும் "கண்டோம்" என்று அறிவித்தவர்கள் இருக்கிறார்களே! மசூரியம், இல்லினியம், புளோரென்டியம், அலபாமைன், விர்ஜினியம், மோல்டாவியம்: எல்லாம் 43, 61, 85, 87-க்கு வைத்த பெயர்கள். இவற்றில் பல எக்ஸ்-கதிர் நிறமாலையை நம்பி வந்தவை. அணு எண்ணுக்கும் எக்ஸ்-கதிர்க் கோட்டுக்கும் உள்ள தொடர்பை மோஸ்லி காட்டிய பிறகு எந்த அலைநீளத்தில் கோடு விழ வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததே ஆபத்து. மற்றத் தனிமங்களின் இரண்டாம் வரிசைக் கோடு அதே இடத்துக்கு அருகில் மங்கலாக விழுந்தால், தேடுகிறவன் கண்ணுக்கு அதுவே புதுத் தனிமம். அன்றைய எக்ஸ்-கதிர் முறைக்கு மாதிரியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும். ஃபிரான்சியம் யுரேனிய அணுக்களில் 1-க்குப் பின் 18 சுழியில் ஐந்தாறு. எந்தத் தட்டில் தெரியும்?

1925-இல் நோடாக், டாக்கே, பெர்க் மூவரும் 43, 75 இரண்டையும் அறிவித்தார்கள். 75 நின்றது, ஏனென்றால் 1928-இல் 660 கிலோ மாலிப்டினைட்டிலிருந்து 1 கிராம் ரீனியத்தை எடுத்துக் காட்டினார்கள். 43-ஐ அப்படிக் காட்டவே முடியவில்லை.

#12 வல்லைவெளி

43 எண்டதும் எங்கட பக்கத்துக் கனிப்பொருள் ஒண்டைச் சொல்லாமல் விட ஏலாது. தோரியனைட். இலங்கையில கனிப்பொருள் ஆய்வுப் பணிப்பாளராய் இருந்த ஆனந்த குமாரசுவாமி கண்டெடுத்தது, 1904-இல வெளியுலகுக்கு வந்தது. பிறகு கலை வரலாறு எழுதின அதே குமாரசுவாமிதான், கனபேருக்கு அவர் புவியியலாளர் எண்டதே தெரியாது.

அந்தத் தோரியனைட் லண்டனில ராம்சேயின்ர ஆய்வுகூடத்துக்குப் போனது. 1905-இல ஓட்டோ ஹான் அதிலயிருந்துதான் ரேடியோதோரியத்தை, அதாவது தோரியம்-228-ஐ, பிரிச்சவர். அங்க வேலை செய்த மசடக்கா ஒகாவாவும் அதே கல்லிலதான் புதுத் தனிமம் ஒண்டைக் கண்டதாய் 1908-இல "நிப்போனியம்" எண்டு பேர் வைச்சு, 43-ஆம் இடத்தில போட்டவர். கனகாலத்துக்குப் பிறகு அவற்றை எக்ஸ்-கதிர்த் தட்டைத் திரும்பப் பாத்தால் அது 75, ரீனியம். தனிமம் மெய், கட்டம் பிழை. ஒரு வரிசை கீழ போட்டிருந்தால் ரீனியத்தை 17 வருஷம் முந்திக் கண்டவர் அவராய் இருந்திருப்பார்.

#13 சிலிக்கா

நம் கடற்கரை மணலுக்கும் இப்படி ஒரு பங்கு உண்டு. டாக்காவில் ராஜேந்திரலால் டே 1937-இல் 85-ஆம் தனிமத்துக்கு "டாகின்" என்று பெயர் வைத்தார். மூலப்பொருள் திருவிதாங்கூர் மோனசைட். மணவாளக்குறிச்சி அன்று திருவிதாங்கூரில்தான் இருந்தது. தோரியம் தொடரில் அதைப் பிரித்ததாகச் சொன்னார். தோரியம் தொடரில் கையில் எடுத்துப் பிரிக்கும் அளவுக்கு 85 கிடையாது, அவர் எழுதிய பண்புகளும் பின்னர் தெரிந்த அஸ்டட்டைனோடு பொருந்தவில்லை.

85-இன் உண்மை நிலை இதுதான்: யுரேனியம்-238 தொடரில் பொலோனியம்-218 பத்தாயிரத்தில் இரண்டு முறை பீட்டா விட்டு அஸ்டட்டைன்-218 ஆகும். அது ஒன்றரை வினாடி நிற்கும். இதில் வீழ்படிவாக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் முதலில் செய்தார்கள், பிறகு கண்டார்கள். 1940-இல் பெர்க்லியில் கார்சன், மெக்கென்சி, செக்ரே மூவரும் பிஸ்மத்தை ஆல்ஃபாவால் அடித்து அஸ்டட்டைன்-211 (7.2 மணி) செய்தார்கள். இயற்கையில் கார்லிக்கும் பெர்னெர்ட்டும் 1943-இல் வியன்னாவில் கண்டார்கள்.

#14 குமிழ்

43-உம் அதே தடம். 1937-இல் பலெர்மோவில் பெரியேவும் செக்ரேயும் பார்த்தது பெர்க்லி சைக்ளோட்ரானில் (துகள் முடுக்கி) டியூட்டரான் அடிபட்ட மாலிப்டினத் தகடு. அதில் இருந்தது ஒரு கிராமில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அளவு. கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியாது, கதிரியக்கத்தை மட்டுமே பின்தொடர்ந்தார்கள். யுரேனியத்தின் தன்னிச்சைப் பிளவில் உண்டாகும் இயற்கை டெக்னீசியத்தை கென்னாவும் குரோடாவும் 1961-இல்தான் காங்கோ பிட்ச்பிளெண்டில் பிரித்தார்கள், கிலோவுக்கு 0.2 நானோகிராம். அதற்கு முன்பே 1952-இல் மெரில் செம்பெரு விண்மீன்களின் ஒளியில் அதைப் பார்த்துவிட்டார். 61-ஐ 1945-இல் ஓக் ரிட்ஜில் மரின்ஸ்கி, கிளெண்டனின், கோரியெல் அணு உலைப் பிளவுப் பொருளிலிருந்து அயனிப் பரிமாற்றப் பிசினில் சிட்ரேட் ஓட்டிப் பிரித்தார்கள். பின்னப் படிகமாக்கலில் ஆண்டுக்கணக்கில் இழுத்த வேலை பிசினில் நாட்கணக்குக்கு வந்தது.

#15 தாழை

ரெண்டு வகைன்னு இப்போ புரியுது. ஒரு துணைக் கேள்வி. இந்த அஸ்டட்டைன்-211, ஆக்டினியம்-225 எல்லாம் புற்றுநோய் சிகிச்சைக்கு வருதே, அங்கேயும் இந்தப் பழைய தொல்லைகள் இருக்கா?

#16 கதிர்மானி

அப்படியே இருக்கின்றன.

அஸ்டட்டைன்-211-க்கு ஆல்ஃபா ஆற்றலைச் சுமார் 28-29 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் போகவிடக் கூடாது. போனால் அஸ்டட்டைன்-210 சேரும், அது பொலோனியம்-210 ஆகும், நோயாளிக்கு வேண்டாத 138 நாள் ஆல்ஃபா. பிஸ்மத் 271 டிகிரியில் உருகும், வெப்பத்தையும் சரியாகக் கடத்தாது. கற்றை மின்னோட்டத்தை ஏற்றி, பின்தகட்டின் குளிர்நீர் போதாமல் போனால் இலக்கு உருகி அஸ்டட்டைன் அங்கேயே ஆவியாகும். பிறகு அதே ஆவியாகும் குணத்தை வைத்துத்தான் உலர் வடிப்பில் பிரிக்கிறார்கள், அது வேறு விஷயம்.

ஆக்டினியம்-225 (9.9 நாள்) பெரேயின் கதையே. அதை அளப்பது பெரும்பாலும் மகள்களின் காமாவை வைத்து: ஃபிரான்சியம்-221-க்கு 218 கிலோ எலக்ட்ரான் வோல்ட், பிஸ்மத்-213-க்கு 440. முதலாவதின் அரை ஆயுள் 4.8 நிமிடம், இரண்டாவதுக்கு 46 நிமிடம். மருந்தோடு இணைத்துச் சுத்திகரித்த உடனே 440-இல் எண்ணினால் அது ஆக்டினியத்தைக் காட்டாது. அதற்குள் வளர்ந்த பிஸ்மத்தையும், இணையாமல் தங்கிய பழைய பிஸ்மத்தையும்தான் காட்டும். மெல்லடுக்குத் தாளில் இணைப்புச் சதவீதம் (மருந்தோடு ஒட்டிய ஆக்டினியத்தின் பங்கு) பார்ப்பவர்கள் தாளை ஓட்டிய கையோடு எண்ணித் தவறான எண் எழுதுவது இதனால்தான். 218-இல் எண்ணுவதானால் அரை மணி நேரம் விட வேண்டும், 440-இல் என்றால் ஐந்து மணி நேரம்.

#17 சிலிக்கா

கூடவே ஒன்று: தாளை ஓட்டி எடுத்த நேரத்தை நிமிடத்தோடு தாளின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா மை கரைப்பானோடு ஓடும்.